டெல்டாவின் ப்ளூஸ் கதைகளைத் திரட்ட உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

அமெரிக்காவில் வாழும் தமிழ் இசை ரசிகர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் குழு எங்களுடையது. வரும் அக்டோபரில் மெம்பிஸிலிருந்து 61ஆம் நெடுஞ்சாலை வழியாக மிசிசிப்பி மாநிலத்தின் டெல்டா பகுதிக்குப் போகிறோம். அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான ப்ளூஸ் வளர்ந்த மண் அது. பழைய ப்ளூஸ் கலைஞர்களை நேரில் பார்த்துப் பழகியவர்களும் அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகளும் சொல்லும் கதைகளை ஒலிப்பதிவு செய்து, தமிழில் ஒலித்தொடராகவும் புத்தகமாகவும் கொண்டுவரத் திட்டம். அதற்கு உங்கள் உதவி வேண்டும்.

ஏன் இப்போதே போக வேண்டும் என்பதற்கு மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற ப்ளூஸ் பாடகரின் கதை போதும். 1928இல் அவர் ஓக்கே என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பாடினார். தட்டுகள் அவ்வளவாக விற்கவில்லை. அடுத்த ஆண்டே பொருளாதாரப் பெருமந்தம் வந்தது. ஹர்ட் பழையபடி பண்ணை வேலைக்குப் போய்விட்டார். அவர் பாட்டு ஒன்றில் அவலான் என்று சொந்த ஊரின் பெயர் வரும். அதை மட்டும் பிடித்துக்கொண்டு, பழைய வரைபடத்தில் ஊரைக் கண்டுபிடித்து, 1963இல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற ரசிகர் அங்கே போய்ச் சேர்ந்தார். ஹர்ட் இருந்தார், விரல்களில் பாட்டும் இருந்தது. அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழாவில் பாடினார், 1966இல் காலமானார். ஹாஸ்கின்ஸ் நாலு வருடம் தாமதித்திருந்தால் கல்லறையைத்தான் பார்த்திருப்பார். அருங்காட்சியகமாக வைத்திருந்த ஹர்ட்டின் சின்ன வீடும் 2024 பிப்ரவரியில் எரிந்துபோனது. அந்த வீட்டில் அவர் எப்படி இருந்தார் என்பதை இனி மனிதர்கள்தான் சொல்ல வேண்டும்.

குடும்பத்தார் சொல்லும்போதுதான் சில முடிச்சுகள் அவிழ்கின்றன. ராபர்ட் ஜான்சன் என்ற ப்ளூஸ் கலைஞர் நாற்சந்தியில் பிசாசிடம் ஆன்மாவை விற்றுக் கிதார் கற்றார் என்ற கதை உலகம் முழுக்கச் சுற்றிவிட்டது. உண்மையில் அவருக்குக் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மேன் என்ற கிதார் கலைஞர். இரவில் இருவரும் இடுகாட்டில் உட்கார்ந்து வாசிப்பார்கள் என்று ஜிம்மர்மேனின் மகள் சொன்னதைக் கேட்டால், பிசாசுக் கதைக்கு எங்கே கால் முளைத்தது என்று புரிகிறது.

சரி, கேட்டதையெல்லாம் அப்படியே நம்பவும் மாட்டோம். 1937இல் கிளார்க்ஸ்டேல் அருகே கார் விபத்தில் சிக்கி கறுப்பின ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித் இறந்தபோது, வெள்ளையர் மருத்துவமனை அவரைச் சேர்க்க மறுத்ததால்தான் இறந்தார் என்ற செய்தி பல ஆண்டுகள் உலவியது. விபத்து நடந்த இடத்தில் அவரைக் கவனித்த மருத்துவரே பின்னாளில் அதை மறுத்தார். அதனால் ஒவ்வொரு பேச்சோடும் சொன்னவர் யார், நேரில் பார்த்ததா, கேள்விப்பட்டதா என்பதைக் குறித்துவைப்போம்.

பெரிய விஷயங்களை மட்டும் கேட்கப் போவதில்லை. டெல்டாவில் பல பிள்ளைகளின் முதல் வாத்தியம் வீட்டுச் சுவர்தான். துடைப்பம் கட்டிய கம்பியை அவிழ்த்துச் சுவரில் இரண்டு ஆணிக்கு நடுவே இழுத்துக் கட்டி, அடியில் ஒரு பாட்டிலைச் செருகி மீட்டுவார்கள். அந்தச் சத்தத்துக்கு அம்மா திட்டினாளா, அக்கம்பக்கத்தார் ரசித்தார்களா என்பதெல்லாம் எங்களுக்கு வேண்டும்.

மொத்தச் செலவு 12,000 டாலர். அதில் 5,000 டாலர் கதை சொல்பவர்களுக்கான சன்மானம். அந்தக் காலத்தில் பல கலைஞர்களுக்குப் பதிவு நாளில் ஒரு சிறு தொகையைக் கையில் கொடுத்து, ராயல்டி எதுவும் இல்லாமல் அனுப்பிவிட்டார்கள். அந்தக் குடும்பங்களிடம் நாமும் வெறுங்கையோடு போய்க் கேட்பது நியாயமில்லை. பதிவின் முதல் பிரதியும் அவர்களுக்கே. வண்டி வாடகைக்கும் தங்குவதற்கும் 4,000, ஒலிப்பதிவுக் கருவிக்கும் எழுத்தாக்கத்துக்கும் 3,000. விமானச் செலவும் சாப்பாடும் குழுவினர் கைக்காசு.

பத்து டாலரானாலும் மகிழ்ச்சிதான். ஒவ்வொரு தொகைக்கும் ரசீது உண்டு, பயணம் முடிந்ததும் கணக்கை எல்லோருக்கும் அனுப்புவோம். உடன் உள்ள படிவத்தை நிரப்பி, செப்டம்பர் 15க்குள் அனுப்புங்கள். முழுத்தொகை சேராவிட்டால் பயண நாட்களைக் குறைப்போம். சன்மானத்தில் கை வைக்க மாட்டோம். அப்புறம், கிளார்க்ஸ்டேல், கிரீன்வுட், இண்டியனோலா போன்ற டெல்டா ஊர்கள் பக்கம் உங்களுக்குத் தெரிந்தவர்கள் இருந்தால் அதையும் படிவத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
பயணக் குழுவினர்