ஆண்டறிக்கை 2024–25: கைத்துப்பாக்கிப் பயிற்சியும் நிற்கும் முறையும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, பொள்ளாச்சிப் பக்கமிருந்தும் கேரளத்தின் சித்தூர் வட்டத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கேரள எல்லைக்குள் கொழிஞ்சாம்பாறையில் நம் துப்பாக்கி சுடும் சங்கம் இவ்வாண்டு நடத்திய பயிற்சியைப் பற்றி மட்டும் இங்கே சொல்கிறேன்.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மனு பாக்கர் ஏர் பிஸ்டல் என்னும் காற்றழுத்தக் கைத்துப்பாக்கிப் பிரிவில் இரண்டு வெண்கலம் வென்ற பிறகு, பிள்ளைகளைச் சேர்க்கப் பெற்றோர் பலர் வந்தனர். வந்ததும் பெல்லட் என்னும் சிறு ஈயக் குண்டைப் போட்டுச் சுடலாம் என்று நினைத்தவர்களுக்கு, முதல் சில வாரங்கள் வெற்றுச் சுவரை நோக்கி டிரை ஃபயர், அதாவது பெல்லட் இல்லாமல் விசையை அழுத்திப் பழகுவது மட்டுமே என்றது ஏமாற்றமாக இருந்திருக்கும். ஆயினும் இதில் விட்டுக்கொடுப்பதற்கில்லை. துப்பாக்கியின் மேல் குறிபார்க்க உள்ள முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே 30 செ.மீ. இருப்பதாகக் கொண்டால், முன்குறி பின்குறியின் நேரிலிருந்து 1 மி.மீ. பிசகினால் 10 மீட்டரில் பெல்லட் 33 மி.மீ. தள்ளிப் போகும்; இலக்கு அட்டையில் பத்துப் புள்ளி தரும் நடு வளையத்தின் விட்டமோ 11.5 மி.மீ.தான் என்பதால், பத்து விழ வேண்டிய இடத்தில் ஆறு விழும். கையோடு துப்பாக்கி முழுவதும் ஒரே சீராக 1 மி.மீ. நகர்ந்தால் அட்டையிலும் அதே 1 மி.மீ.தான். எனவே கை நடுங்குகிறதே என்று புதியவர்கள் கவலைப்படாமல், முன்குறியைத் தெளிவாகப் பார்த்தபடி விசையை அழுத்தப் பழகினால் போதும்.

ஏர் பிஸ்டலை ஒரு கையால்தான் சுட வேண்டும் என்பது விதி. கண்ணை மூடிக் கையை உயர்த்தித் திறக்கும்போது குறி இலக்குக்குப் பக்கவாட்டில் நின்றால், கையை இழுத்துச் சரிசெய்யாமல் பின்காலை நகர்த்த வேண்டும் என்பதைப் பிள்ளைகள் விரைவில் பிடித்துக்கொண்டனர்.

சிரமம் மூத்தவர்களிடம்தான். இராணுவத்திலும் காவல்துறையிலும் இருந்து வந்தவர்கள் இருகைப் பிடிக்குப் பழகியவர்கள். முழங்கை மடித்து ஒரு கை தள்ள மறுகை இழுக்கும் வீவர் நிலையா, இலக்குக்கு நேர்முகமாக நின்று இரு கைகளையும் நீட்டும் ஐசோசிலிஸ் நிலையா என்ற வாதம் தேநீர் நேரம் முழுவதையும் விழுங்கியது. இருகைப் பயிற்சியைப் புதிதாகத் தொடங்குபவருக்கு ஐசோசிலிஸ் எளிது. ஆண்டுக்கணக்கில் வீவரில் ஊறியவரை மாற்றத் தேவையில்லை என்பதே என் கருத்து. அவர்களின் குறை நிற்பதில் இல்லை, விசையை அழுத்துவதில் இருந்தது. .22 பிஸ்டலின் மேகசினில் (தோட்டாப் பெட்டியில்) சுடுபவருக்குத் தெரியாமல் வெடிக்காத ஒரு போலித் தோட்டாவைக் கலந்து கொடுத்தோம். வெடி எழாத அந்த நொடியில், உதைப்பை எதிர்பார்த்துக் கை முன்கூட்டியே அழுத்தியதால் துப்பாக்கியின் முனை சட்டென்று கீழே குனிந்ததை அனைவரும் பார்த்தனர். சிலர் அதன்பின் கொஞ்ச நாள் செயலாளரிடம் பேசவில்லை.

ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று குண்டைக் காட்டிலும் நீட்டிய கையையே அதிகம் ஆட்டியதால், 25 மீட்டர் திறந்தவெளிப் பயிற்சியைக் காலை நேரத்துக்கு மாற்றினோம். வரும் ஆண்டிலும் அதுவே தொடரும்.

தமிழ்நாட்டுக்கு மட்டும் செல்லுபடியாகும் உரிமம் உடையவர்கள் தம் ஆயுதத்தை எல்லை தாண்டிக் கொண்டுவரக் கூடாது என்பதை மீண்டும் நினைவூட்டி, இவ்வறிக்கையை ஏற்குமாறு பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

செயலாளர்