ட்ரீம்காஸ்ட்டைத் திருப்பிப் பார்த்து விற்கவும்: யாழ்ப்பாணத்துக் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய இலத்திரனியல் சாமான்கள் வாங்கி விற்கும், திருத்தும் யாழ். நகரக் கடைக்காரர்களுக்கு,

வணக்கம். சென்ற மாதம் ஒரு கடையில் விற்ற, சேகா கொம்பனியின் ட்ரீம்காஸ்ட் என்ற பழைய ரி.வி. விளையாட்டுப் பெட்டியின் கதை உங்களில் பலருக்குத் தெரியும். கனடாவிலிருந்து வந்த பெட்டி. வாங்கிய பொடியன் வீட்டுச் சொக்கற்றில் மாட்டிச் சுவிட்சைப் போட்டதும் ஒரு வெடிச்சத்தம், பிறகு புகை. திருப்பிக் கொண்டுபோனவனுக்குக் கிடைத்த பதில்: "பழைய சாமானுக்கு வொறன்ரி இல்லைத் தம்பி." வொறன்ரி பற்றி நாங்களும் கேட்கவில்லை. பெட்டிக்கு அடியில் 120 வோல்ற் என்று அச்சடித்திருந்ததை விற்றவர் ஏன் வாசிக்கவில்லை என்று மட்டும் கேட்கிறோம்.

கோரிக்கை ஒன்றுதான். ட்ரீம்காஸ்ட்டை விற்க முன்னர் திருப்பிப் பாருங்கள். அடியில் உள்ள லேபிளை வாசித்து, வோல்ற் கணக்கை ஒரு துண்டில் பெரிதாக எழுதி, பவர் வயர் செருகும் இடத்துக்கு மேல் ஒட்டுங்கள்.

இதில் பிழை எங்கே வருகிறது என்பதும் எங்களுக்கு விளங்குகிறது. இன்றைக்கு வரும் லப்டொப் சார்ஜரும் போன் சார்ஜரும் 100 முதல் 240 வோல்ற் வரை எதையும் தாங்கும். அந்தப் பழக்கத்தில் ட்ரீம்காஸ்ட்டையும் சேர்த்துவிடுகிறீர்கள். இதன் பவர் சப்ளை பெட்டிக்கு உள்ளேயே இருக்கிறது, ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாகச் செய்தது. லேபிளில் உள்ள மாதிரி இலக்கத்தைப் பாருங்கள். ஜப்பான் பெட்டி எச்.கே.ரி-3000, அதற்கு 100 வோல்ற். அமெரிக்கா, கனடா பெட்டி எச்.கே.ரி-3020, அதற்கு 120. லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்திலிருந்து வருவது எச்.கே.ரி-3030, அது மட்டும்தான் எங்கள் 230 வோல்ற்றுக்கு நேரே மாட்டக்கூடியது. லேபிள் உரிந்திருந்தால் மூடியில் உள்ள சுருள் அடையாளத்தைப் பாருங்கள். நீலச் சுருள் ஐரோப்பாப் பெட்டி. செம்மஞ்சள் என்றால் கையை எடுங்கள்.

வயரை நம்பவே வேண்டாம். மூன்றுக்கும் எட்டு வடிவ இரட்டைத் துளை வயர்தான். பழைய ரேடியோ கசெற்றில் கிடந்த வயர் கனடாப் பெட்டிக்குள் அழகாகப் போய் உட்காரும், எந்த எச்சரிக்கையும் தராது. 230 வோல்ற் மாறுமின்னோட்டம், அதை நேர்மின்னோட்டமாக்கும் திருத்தியைக் கடந்ததும் உச்சத்தில் சுமார் 325 வோல்ற் ஆகிறது. 120 வோல்ற் சப்ளைகளில் மின்னைத் தேக்கி வைக்கும் முதல் பெரிய கப்பாசிற்றருக்குப் பொதுவாக 200 வோல்ற்தான் எல்லை. அந்தப் பொடியன் கேட்டது அது வெடித்த சத்தம்தான். அதிர்ஷ்டம் இருந்தால் சப்ளை பலகையோடு முடியும், இல்லாவிட்டால் தாய்ப்பலகையும் சேர்ந்து போகும்.

இத்தனைக்கும் மாற்றுவழி செலவானதல்ல. எந்த நாட்டுச் சப்ளையானாலும் வெளியே தருவது 12, 5, 3.3 வோல்ற் என்ற அதே மூன்றுதான். ஆகவே இறுவட்டு வாசிக்காமல் செத்த ஐரோப்பாப் பெட்டி ஒன்றின் சப்ளையைக் கழற்றிக் கனடாப் பெட்டிக்குப் போடலாம். இல்லையென்றால் 230ஐ 110 ஆக இறக்கும் இரும்புக் கருவுள்ள ட்ரான்ஸ்போமர் ஒன்று, 100 வாற் போதும். பயணிகள் கொண்டுதிரியும் பாரமில்லாத சின்னக் கொன்வேட்டர் உதவாது. அது அயர்ன்பொக்ஸ், ஹெயார் ட்ரையர் போன்ற சூடாக்கும் சாமான்களுக்குச் செய்தது. ஆனால் உங்களில் சிலர் செத்த ஐரோப்பாப் பெட்டிகளை அப்படியே பழைய இரும்புக்குப் போடுகிறீர்கள். உள்ளே இருக்கும் நல்ல சப்ளையும் கிலோக் கணக்கில் போகிறது.

"சந்தையில் ஓடாத சாமான்தானே, இதுக்கு இவ்வளவு கதையா?" என்று கேட்பீர்கள். உண்மை, ஓடவில்லை. 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானிலும், 1999 செப்ரெம்பர் 9 அன்று வட அமெரிக்காவிலும் வந்தது. 2001 ஜனவரி 31 அன்று உற்பத்தியை நிறுத்தப்போவதாகச் சேகா அறிவித்துவிட்டது. உலகம் முழுவதும் விற்றது 91 இலட்சம் அளவில். டிவிடியும் ஓட்டும் பிளேஸ்ரேஷன் 2 வரப்போகிறது என்றதும் சனம் காசைப் பொத்திக்கொண்டு காத்திருந்தது. சேகா அதற்குப் பிறகு ட்ரீம்காஸ்ட்டின் இடத்துக்கு இன்னொரு புதிய பெட்டி செய்யவில்லை. 2002இல் யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ-9 பாதை திறந்தபோது இந்தப் பெட்டி செத்து ஒரு வருடம் கடந்திருந்தது. ஆனால் தோற்றது வியாபாரம், பொறியியல் அல்ல. 200 மெகாஹேர்ட்ஸ் எஸ்.எச்-4 புரொசெசர், கூடவே பிறந்த மொடெம், பெரும்பாலான விளையாட்டுகளைப் பழைய கணினி மொனிற்றரில் விஜிஏ வழியாகத் துல்லியமாகக் காட்டும் வசதி. அந்தக் காலத்தில் வேறு எவர் தந்தார்?

அதுவும் போகட்டும். சனத்திடம் வாங்கும்போது இது "தோற்ற சாமான்", விலை இல்லை. கண்ணாடி அலுமாரிக்குள் ஏறியதும் இதுவே "இப்ப எங்கையும் எடுக்கேலாத சாமான்". இரண்டு வசனத்துக்கும் இடையில் ஒருமுறை திருப்பிப் பார்க்க மட்டும் நேரம் இல்லை. யுத்தத்தில் பற்றரிக்குத் தடை இருந்த காலத்தில் சைக்கிள் டைனமோவில் ரேடியோ கேட்ட சனம் நாங்கள். எங்களுக்கு வோல்ற் படிப்பிக்க வேண்டியதில்லை என்றுதான் இவ்வளவு நாளும் எண்ணியிருந்தோம்.

பற்றரி என்றதும் இன்னொன்று. பெட்டியைப் போடும்போதெல்லாம் திகதி, நேரம் கேட்டு, 1998 நவம்பர் 27இலேயே நின்றால் உள்ளே மணிக்கூட்டுப் பற்றரி முடிந்துவிட்டது. அது கொன்ட்ரோலர் செருகும் முன்பலகையில் சோல்டர் பண்ணிய எம்.எல்-2032, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஆகும் வகை. அதற்குப் பதில் சாதாரண சி.ஆர்-2032ஐ ஒட்டித் தருகிறீர்கள். அளவும் ஒன்று, 3 வோல்ற்றும் ஒன்று, ஆனால் அதைச் சார்ஜ் செய்யக்கூடாது. பெட்டியோ ஓடும் நேரமெல்லாம் சார்ஜ் அனுப்பிக்கொண்டே இருக்கும். பற்றரி உப்பும், கசியும், முன்பலகையின் செப்புக் கோடுகளை அரிக்கும். எம்.எல்-2032 கிடைக்காவிட்டால் ஒரு டயோட்டைத் தொடராகப் போட்டுச் சார்ஜ் போகும் வழியை அடைத்த பிறகு சி.ஆர் போடுங்கள். எல்.ஐ.ஆர்-2032 வேண்டாம், அது 3.6 வோல்ற். அதே பலகையில் உள்ள எஃப்1 பியூஸ் போனால் ஒரு கொன்ட்ரோலரும் வேலை செய்யாது. அங்கே வயர்த்துண்டை வைத்து ஒட்டினால், அடுத்த ஷோர்ட்டில் பியூஸுக்குப் பதிலாகப் பலகை எரியும்.

விளையாட்டு நடுவில் தானாகவே ரீசெற் ஆகும் பெட்டிகளுக்கு "மதர்போட் போட்டுது" என்று தீர்ப்புச் சொல்லி அரைவிலைக்கு வாங்குகிறீர்களே, அதையும் நிறுத்துங்கள். பெரும்பாலும் பிழை, சப்ளை தாய்ப்பலகையில் ஏறும் ஆறு ஊசிகளில். எங்கள் உப்புக்காற்றுக்கு அவை கறுத்துப்போகும். வயரைக் கழற்றிச் சற்றுநேரம் விடுங்கள், கப்பாசிற்றரில் மின் தங்கியிருக்கும். மொடெமை இழுத்தெடுங்கள், அதற்குக் கீழே ஒரு திருகாணி ஒளிந்திருக்கிறது. மற்ற மூன்றையும் கழற்றினால் மேல்மூடி வரும். சப்ளையின் திருகாணிகளை எடுத்து நேரே மேலே தூக்குங்கள். ஊசிகளை ஐசோபுரோபைல் அல்கஹோலால் துடைத்துத் திரும்ப இருத்தினால் பல பெட்டிகள் அன்றைக்கே எழும்பிவிடும். ஜப்பான் பெட்டி பழைய ரி.வி.யில் கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் அதுவும் பழுது அல்ல. பெட்டி படத்தை அனுப்புவது என்.ரி.எஸ்.சி (NTSC) என்ற முறையில், ரி.வி.க்கு விளங்குவது பால் (PAL) என்ற வேறு முறை.

கோபத்தில் கதை நீண்டுவிட்டது, மன்னிக்கவும். உங்கள் வியாபாரம் நன்றாக நடந்தால்தான் எங்களுக்கும் உதிரிப்பாகம் கிடைக்கும். நல்லூர்க் கொடியேற்றத்தோடு வெளிநாட்டுச் சூட்கேசுகள் வரத் தொடங்கும், அவற்றுக்குள் செம்மஞ்சள் சுருள் பெட்டிகளும் வரும். அதற்கு முன் அலுமாரியில் இருப்பவற்றைத் தயவுசெய்து திருப்பிப் பார்த்து, வோல்ற் கணக்கை எழுதி ஒட்டுங்கள். செத்த ஐரோப்பாப் பெட்டிகளின் சப்ளைகளைப் பழைய இரும்புக்குப் போடாமல் எடுத்து வையுங்கள். நியாயமான விலைக்கு நாங்களே வாங்கிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
பழைய விளையாட்டுப் பெட்டிகளைத் திருத்திப் பாவிப்போர்,
யாழ்ப்பாணம்.