21ஆம் மைல் கொடி

கிளிநொச்சி,
வைகாசி.

அன்பின் மச்சானுக்கு,

நாங்கள் எல்லாரும் சுகம். உன்ர கடிதம் கிடைத்தது. வாட்ஸ்அப்பில் இரண்டு நிமிடம் கதைத்து அனுப்பிவிட்டுப் போகிற காலத்தில் நீ இன்னும் பேனையால் எழுதி முத்திரை ஒட்டுகிறாய். அந்த மரியாதைக்காக நானும் கொப்பித்தாள் கிழித்துக்கொண்டு இருந்திருக்கிறேன். சிறுபோகத்துக்கு இரணைமடுத் தண்ணி வந்துவிட்டது. வற்றாப்பளைப் பொங்கலுக்கு இவள் நேர்த்தி வைத்திருக்கிறாள், போக வேணும். வெயில் சொல்லி வேலையில்லை. பெடியள் விடியமுன்னம் இறங்கினால்தான் பத்துக் கிலோமீற்றர் ஓடலாம்.

இனி உன் கடிதத்துக்கு வாறன். லண்டன் மரதன் பார்க்கப் போன இடத்தில், லைம்ஹவுஸ் பக்கம் 21ஆம் மைல் கிட்ட, தன்பாலை விரும்புகிற ஆக்களின் வானவில் கொடிகளோடு ஆடிப்பாடி நின்ற கூட்டத்தைக் கண்டு எரிச்சல் வந்தது என்று எழுதியிருந்தாய். ஓட்டத்துக்கும் உதுக்கும் என்ன சம்பந்தம், அவை என்னவாயும் இருக்கட்டும், ஏன் றோட்டில நிண்டு சொல்லோணும் என்று கேட்டிருந்தாய். உன் பெயரைச் சொல்லாமல் அந்தப் பக்கத்தை மட்டும் கரடிப்போக்குச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் எங்கட ஓட்டக்காரக் கூட்டத்துக்கு வாசித்துக் காட்டினேன். தேர்தலுக்குக்கூட அந்தக் கடையில் இப்படிச் சத்தம் எழும்பினதில்லை. முதலாளி லைற்றை நூத்துத்தான் எங்களை வெளியேற்றினார்.

கூட்டத்தில் பாதிக்கு மேல் உன் கட்சி, சந்தோசப்படு. முன்னணியில் நின்றது ஓய்வுபெற்ற உடற்பயிற்சி மாஸ்ரர். "கிப்சோகே, கிப்டும், பெக்கெலே எண்டு மரதன் சூரரை வரிசையாச் சொல்லு பாப்பம். ஒருத்தனாவது அப்பிடியோ? மரதன் எண்டால் மனக்கட்டுப்பாடு. அந்த ஆக்களுக்கு அது சரிவராது" என்றார். மாஸ்ரரை லேசாக எடை போடாதே. எவன் எந்த ஐந்து கிலோமீற்றரை என்ன நேரத்தில் கடந்தான் என்று நித்திரையில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவார். 2023இல் சிக்காகோவில் கிப்டும் 2:00:35இல் ஓடி அப்போதைய உலக சாதனை வைத்த அன்று கடை முழுக்க வடை வாங்கிக் கொடுத்தவர். நாலு மாதத்தில் அந்தப் பெடியன் வீதி விபத்தில் போய்ச்சேர்ந்த செய்தி வந்தபோது சொந்தப் பிள்ளைபோல அழுதவர். அவ்வளவு தெரிந்த மனிசன் இந்த ஒரு விசயத்தில் மட்டும் கேள்விப்பட்டதை வைத்துக் கதைக்கிறாரே என்பதுதான் எனக்குக் கவலை.

நான் கேட்டேன்: "மாஸ்ரர், நீங்கள் சொன்ன ஆக்கள் எந்த நாட்டுக்காரர்?" கென்யாவில் ஆணோடு ஆண் சேர்ந்தால் 14 வருடம் மறியல் வரை போகிற சட்டம் வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருக்கிறது. அதை நீக்கச் சொல்லிப் போட்ட வழக்கை 2019 மே மாதம் நைரோபி மேல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. எதியோப்பியாவிலும் குற்றம். உகண்டா 2023இல் கொண்டுவந்த சட்டத்தில் சில வகைக்கு மரண தண்டனையே எழுதியிருக்கிறார்கள். உலகத்து மரதன் மேடைகளில் ஏறுகிறவர்களில் பெரும்பகுதி இந்த நாடுகளிலிருந்து வருகிற ஆக்கள். அவர்கள் பயிற்சி எடுக்கிற விதத்தையும் பார். கென்யாவின் கப்டகாட் பயிற்சி முகாமில் ஒன்றாகப் படுத்து, ஒன்றாகத் தின்று, கிப்சோகே கூட முறை வந்தால் கக்கூஸ் கழுவுகிறார். அப்படி ஒட்டி வாழுகிற இடத்தில் ஒருத்தன் வாயைத் திறந்தால் போவது பதக்கம் மட்டுமில்லை. முகாமில் இடம் போகும், முகவர் போவான், வீட்டுக்காரர் படலையைச் சாத்துவினம். ஒருத்தன்ர வாயை நாங்களே பொத்திப் பிடித்துக்கொண்டு, பார் இவன் ஒண்டும் சொல்லயில்லை என்று சாட்சி காட்டுகிற கதைதான் மாஸ்ரர் சொன்னது.

நீயும் ஒரு வரி எழுதியிருந்தாய், எங்கட சனத்திட்ட உது இல்லை என்று. மச்சான், எங்கட நாட்டுத் தண்டனைச் சட்டக்கோவை 1883ஆம் ஆண்டினது. அதில் 365, 365அ என்று இதைக் குற்றமாக்குகிற இரண்டு பிரிவு இன்றைக்கும் கிடக்கிறது. 1995இல் திருத்தினார்கள், எடுக்கிறதுக்கில்லை, பொம்பிளையளையும் உள்ளே சேர்க்கிறதுக்கு! அதை மாற்றக் கொண்டுவந்த தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணில்லை என்று 2023 மேயில் உச்ச நீதிமன்றம் சொல்லியும் காரியம் நகரவில்லை. கடலுக்கு அப்பால் இந்தியாவில் 2018இலேயே அந்தக் குற்றத்தை எடுத்துவிட்டார்கள். சட்டம் இப்படி, சனத்தின்ர வாய் அதைவிட மோசம். இல்லாத ஆக்களுக்கா இவ்வளவு காவல்?

சரி, ஏன் சொல்லவேணும் என்ற உன் கேள்வி. கடையில் கனபேர் பிடித்துக்கொண்டதும் இதைத்தான். எனக்குப் பகையில்லை, ஆனால் சொல்லக்கூடாது என்கிற கட்சி. பார்த்தால் நியாயம் மாதிரித்தான் இருக்கு. ஆனால் மற்ற எல்லாரும் சொல்லிக்கொண்டுதானே ஓடுகிறார்கள்? 2019இல் வியன்னாவில் கிப்சோகே மரதன் தூரத்தை 1:59:40இல் முடித்து வந்து நின்று மனைவியைக் கட்டிப்பிடித்தபோது, நீயும் நானும் தொலைபேசியில் கத்தினது நினைவிருக்கும். குடும்ப விசயத்தை ஏன் றோட்டில காட்டுகிறார் என்று நீ கேட்கவில்லை. எங்கட கழகப் போட்டியில் ஒலிபெருக்கிக்காரன் "இரண்டு பிள்ளைகளின் தந்தை இதோ வருகிறார்" என்று அறிவிப்பான், சனம் கைதட்டும். பிரித்தானியாவின் வேகநடை வீரன் டொம் பொஸ்வேர்த் தனக்கு ஆண்துணை என்று 2015இல் வெளியில் சொன்னார். அடுத்த வருடம் ரியோ ஒலிம்பிக்கில் 20 கிலோமீற்றரில் 6ஆம் இடம். அங்கேயே கடற்கரையில் தன் துணைவனிடம் கல்யாணம் கேட்டார். மனக்கட்டுப்பாடு சரிவராது என்ற மாஸ்ரருக்கு இந்த 6ஆம் இடத்தைச் சொன்னேன். "அது ஓட்டமில்லை, நடை" என்றார்! அதற்கு மேல் அவரோடு என்ன கதைக்கிறது.

உனக்கு இன்னொன்று. உன்ர லண்டன் மரதன் முதல் முதல் நடந்தது 1981 மார்ச்சில். மழைத்தூறலில் அமெரிக்கன் டிக் பியர்ட்ஸ்லியும் நோர்வேக்காரன் சைமன்சனும் கையைக் கோத்துக்கொண்டு ஒன்றாக எல்லைக்கோட்டைத் தாண்டினார்கள். இரண்டு பேருக்கும் முதலிடம், 2:11:48. அவர்கள் காதலர் இல்லை, களைத்துப்போன இரண்டு போட்டியாளர். அந்தப் படத்தை இன்றைக்கும் மரதனின் பெருமை என்று போடுகிறார்கள். இங்கே எங்கட பெடியளும் கையைப் பிடித்துக்கொண்டுதான் சந்தியில் நடக்கிறார்கள், ஒருத்தரும் ஒன்றும் நினைப்பதில்லை. சனத்துக்குக் கோபம் வருவது கையைப் பிடித்ததற்கு இல்லை என்று இதிலிருந்து தெரியுதல்லோ.

ஒன்றில் நான் உன் பக்கம். சப்பாத்துக் கொம்பனிகள் வானவில் நிறத்தில் வரிசையாகச் சப்பாத்து அடித்து விற்கிறதைக் காண எனக்கும் பத்திக்கொண்டு வரும். அந்தக் கொடியை அவர்கள் கென்யாவின் ஓட்டக்கார ஊரான இட்டனுக்கும் உகண்டாவின் கம்பாலாவுக்கும் தூக்கிக்கொண்டு போகட்டும், பிறகு நான் நம்புகிறேன். ஆனால் லைம்ஹவுஸில் நின்றவர்கள் கடைக்காரரில்லை. 21ஆம் மைலில் கால் கல்லாகிற நேரம் ஓடிவருகிற எவனுக்கும் எவளுக்கும் கைதட்ட நின்ற சனம். உன்னைப்போல.

எங்களுக்கு நீண்ட ஓட்டத்தன்று சைக்கிளில் தண்ணி கொண்டு வருகிற அண்ணை ஒருவர் இருக்கிறார், ஜெய்ப்பூர்க் கால் போட்டவர். அதிகம் கதைக்கமாட்டார். அன்றைக்கு அவர்தான் கூட்டத்தை அடக்கினார். "2009க்குப் பிறகு நான் கனகாலம் வேற ஊரில நிண்டு வேலை செய்தனான். கால் ஷெல்லில போனது எண்டு மட்டும் சொல்லி வைச்சிருந்தன், முன்னம் நான் ஆர் எண்டு சொல்லேல்லை. கூட நிண்டவங்கள் எங்கட ஆக்களைப் பற்றிப் பகிடி விடுவாங்கள். நானும் சேர்ந்து சிரிக்கோணும். சிரிக்காட்டிப் பிடிபட்டுப் போவன்." மாஸ்ரர் விடவில்லை: "அதுவும் இதுவும் ஒண்டோ தம்பி?" "ஒண்டெண்டு நான் சொல்லேல்லை மாஸ்ரர். அந்தச் சிரிப்பைத்தான் சொன்னனான்."

கொஞ்ச நேரம் ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு வழமைபோல வேறு பக்கத்தால் கிளம்பியது. பக்கத்து மேசையிலிருந்த ஆட்டோக்காரத் தம்பி, எங்களோடு 5000 மீற்றர் ஓடுகிற உயர்தர வகுப்புப் பிள்ளையைப் பற்றி வாயை விட்டான். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருக்கிறாளாம், குரல் தடிப்பாம், உவளும் "அந்த மாதிரி" இருக்குமாம். எனக்கு வந்த கோபத்தை எழுத முடியாது. எங்கட இடத்தில் இந்தச் சந்தேகம் எப்பவும் ஓடுகிற பெட்டையள் மேல்தான் போய் விழும். ஆம்பிளை ஓட்டக்காரனை ஒருத்தரும் உற்றுப் பார்ப்பதில்லை.

தமிழருக்கு இந்தக் கதை புதுசுமில்லை. புதுக்கோட்டைப் பக்கம் கத்தக்குறிச்சி, செங்கல் சூளைக் கூலிகளின் மகள் சாந்தி சவுந்தரராஜன். 2006 டோகா ஆசிய விளையாட்டில் 800 மீற்றரில் வெள்ளி எடுத்தாள். அவள் பெண்ணா என்று சோதித்து, பதக்கத்தைப் பிடுங்கி, அந்தச் சோதனையை உலகம் முழுக்கப் பரப்பினார்கள். ஊருக்குத் திரும்பி அவளும் பிறகு சூளையில் கூலிக்குப் போனாள். பயிற்றுநராக அரசாங்க வேலை கிடைக்கப் பத்து வருடம் பிடித்தது. ஒடிசாவின் நெசவாளி மகள் டூட்டி சந்த் என்ற ஓட்டக்காரியையும் 2014இல் உடம்பில் ஹோர்மோன் கூட என்று நிறுத்தினார்கள். அவள் விளையாட்டு நடுவர் மன்றம் வரை போய் 2015இல் வென்றாள். 2019 மே மாதம் தன் ஊர்ப் பெண்ணொருத்தியோடு வாழ விரும்புவதாகச் சொன்னாள். சொந்த வீடே எதிர்த்தது. இரண்டு மாதத்தில் நாப்போலியில் உலகப் பல்கலைக்கழகப் போட்டியில் 100 மீற்றர் தங்கம். பிறகு ஊக்கமருந்தில் பிடிபட்டு 2023இல் நாலு வருடத் தடையும் வாங்கினாள். அதை நான் மறைக்கவில்லை, அது வேறு வழக்கு.

இவை எல்லாவற்றையும் கடையில் ஒரே சட்டிக்குள் போட்டுக் கிண்டினார்கள். ஆரை விரும்புகிறாய் என்பது ஒன்று, உடம்பு எப்படி அமைந்தது என்பது இன்னொன்று, ஆண் பெண் என்று உன்னை நீ எப்படி உணருகிறாய் என்பது மூன்றாவது. பெண்கள் பிரிவில் ஆர் ஓடலாம் என்பதில் உண்மையான, கஷ்டமான கேள்வி இருக்கிறது. உலகத் தடகளச் சம்மேளனம் 2025 செப்ரெம்பரிலிருந்து பெண்களுக்கு மரபணுச் சோதனையே வைக்கிறது. நாங்கள் இருந்து ஆறுதலாக வாதாடலாம். ஆனால் ஒருத்தன் இரவில் ஆரோடு படுக்கிறான் என்பதால் அவன் நேரம் ஒரு செக்கன் கூடிக் குறைந்ததை மாஸ்ரரின் கொப்பியிலும் நான் காணவில்லை.

அந்தப் பிள்ளை மறுநாள் காலமை வழமைபோல வந்தாள். கடைக்கதை அவளுக்குப் போயிருக்கும், இந்த ஊரில் போகாமல் இராது. சப்பாத்துக் கயிறு கட்டிக்கொண்டே, "சேர், பொஸ்ரனில 1967ல ஒரு பொம்பிளையை ஓட விடாமல் இழுத்தவையாமே?" என்று கேட்டாள். கத்ரின் சுவிற்சர், 261ஆம் இலக்கம் என்றேன். போட்டி அதிகாரி நம்பரைப் பிய்க்கப் பாய்ந்ததையும், ஓடினால் கருப்பை கழன்றுவிடும் என்று அந்தக் காலத்தில் பொம்பிளையளை வெருட்டினதையும், 1972இல்தான் பொஸ்ரன் மரதன் பெண்களைச் சேர்த்ததையும் சொன்னேன். "இழுத்தவருக்குப் பிறகு என்ன நடந்தது?" என்றாள். பிற்காலத்தில் சுவிற்சரோடு சிநேகிதமாகிவிட்டார் என்றேன். "அப்ப ஆட்டோ அண்ணைக்கும் நேரம் இருக்கு" என்று சொல்லிவிட்டு இரணைமடுப் பக்கம் ஓடினாள். அவளுக்குப் பின்னால் ஓடிப் பிடிக்க எனக்கு இப்ப முழங்கால் இல்லை.

கழகத்தின் மரதன் ஆவணியில். மரதன் என்றால் எங்கட மரதன்தான், முறிகண்டிப் பிள்ளையாரடியில் தேங்காய் உடைத்துத் தொடங்கி ஏ9 வழியே கிளிநொச்சி மைதானம் வரை. முழு மரதனின் 42.195 கிலோமீற்றரை நினைத்துக் கனவு காணாதே. பெண்களுக்குப் பாதித் தூரம் என்று போன கூட்டத்தில் எழுதியிருந்தார்கள். நான் எழும்பி ஒரே தூரம் வேணும் என்றேன். ஆர் வழிமொழிந்தது தெரியுமோ? மாஸ்ரர்! 1984 ஒலிம்பிக்கில் ஜோன் பெனோயிற் 2:24:52இல் முழு மரதன் ஓடினதைச் சொல்லி எல்லாரையும் இருத்திவிட்டார். மற்ற விசயத்தில் இன்னும் அசையவில்லை. அடுத்த ஞாயிறும் கதைப்போம்.

நீ உனக்குத் தோன்றுகிறதைத் திரும்ப எழுது, கோபமென்றாலும் எழுது. ஓகஸ்ற்றில் வாறவையிட்ட, உன் கழகப் பெடியள் கழித்துவிட்ட ஓட்டச் சப்பாத்து இருந்தால் குடுத்துவிடு. அடி தேய்ந்திருந்தாலும் பரவாயில்லை. 42, 43 போதும் போதும் என்று கிடக்கு. 37, 38தான் தட்டுப்பாடு.

அன்புடன்,
உன்ர பழைய கூட்டாளி