அந்தப் பழைய நோட்டுகளைத் தேடி எடுங்கள்

குமரி மாவட்டத்தில் இரையுமன்துறை முதல் நீரோடி வரை உள்ள எட்டுக் கடற்கரை ஊர்களின் கால்பந்துக் குழு நிர்வாகிகளுக்கு,

வணக்கம். என் ஊரும் இந்த எட்டில் ஒன்று. எது என்று எழுதவில்லை. எழுதினால் மற்ற ஏழு ஊர்களிலும் இதை வேற்றூர்க்காரனின் பெருமைப் பேச்சாகப் படிப்பார்கள். நம் கால்பந்துக் குழுக்களின் வரலாற்றை நாமே எழுதிவைக்க வேண்டும் என்று நான் சொல்ல வந்தது எட்டு ஊருக்கும் பொது.

சென்ற மாதம் எங்கள் குழுவின் முதல் கோல்கீப்பரை அடக்கம் செய்தோம். வயது 88. மறையுரையில் இரண்டு வரி சொல்வதற்காகப் பங்குத்தந்தை கேட்டது எளிய கேள்விதான்: குழு எந்த ஆண்டு தொடங்கியது, இவர் எத்தனை ஆண்டு விளையாடினார்? வாசலில் நின்ற எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல முடியவில்லை. குமரி தமிழ்நாட்டோடு சேர்ந்த 1956க்கு முன்பே என்றார் ஒருவர். அதற்குப் பிறகுதான் என்றார் இன்னொருவர். சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் பெட்டிக்குள் கிடந்தார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் என்னிடம் பலமுறை பேசியிருக்கிறார். ஒரு முறைகூட நான் எழுதிவைக்கவில்லை. நினைவில் நிற்பதைச் சொல்கிறேன். முதல் பந்து தோல் பந்து. நடுவே வார் போட்டுக் கட்டியது. மணலில் நனைந்துவிட்டால் கல் மாதிரி கனக்கும். அந்த வார் முடிச்சு நெற்றியில் பட்டால் காயம்தான். தையல் விட்டுப்போனால் ஊரில் வலை பொத்துகிறவர்களே வலை நூலால் தைத்துக் கொடுப்பார்கள். கோல் கம்பங்கள் சவுக்கு மரம். பின்னால் கட்டியது கடலுக்கு உதவாத பழைய வலை. முதல் ஜெர்சிக்கான துணி, தலையில் கூடை சுமந்து மீன் விற்கப் போன பெண்கள் ஆளுக்குக் கொஞ்சமாகத் தந்த காசில் வாங்கியது. அந்தப் பெண்களின் பெயர்களை நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

வானொலிக் கதையும் உண்டு. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் கோப்பையின் இறுதிப் போட்டி. ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதன்முதலாகக் கோப்பையைத் தொட்டது; மூன்று கோல்களையும் அடித்தவர் அணித்தலைவர் மணி. வாசகசாலைத் திண்ணையில் இருந்த ஒரே ரேடியோவைச் சுற்றி ஊரே கூடியதாம். மாநிலம் மாறி 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால் எங்களுக்குக் கால்பந்து எல்லைக்கு அப்பாலிருந்துதான் காற்றில் வந்தது. நம் கரையில் இந்த ஆட்டம் எப்படி வேர்விட்டது என்று எழுத விரும்புகிறவர் தொடங்க வேண்டிய இடம் அந்தத் திண்ணை என்று நினைக்கிறேன்.

இரவிபுத்தன்துறைக்காரர்களைப் பாருங்கள். மைக்கேல் சூசைராஜும் அவர் சகோதரர் ரெஜினும் அந்த மண்ணிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போனார்கள். சென்னை சிட்டி அணிக்காக ஆடிய சூசைராஜ் 2017-18 ஐ-லீக் என்ற தேசியத் தொழில்முறைத் தொடரின் சிறந்த நடுக்கள ஆட்டக்காரர். 2019இல் இந்திய அணிச் சட்டையை அணிந்தார். செய்தித்தாள்கள் எழுதின, மகிழ்ந்தோம். ஆனால் ஓர் ஆட்டக்காரர் தானாக முளைப்பதில்லை. அவருக்கு முன் அதே மணலில் ஓடி, ஒரு செய்தியிலும் பெயர் வராமல், ஆழ்கடல் தூண்டிலுக்குப் போய்விட்ட இரண்டு மூன்று தலைமுறை எல்லா ஊரிலும் இருக்கிறது. அவர்களை நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுத மாட்டார்கள்.

நம் அணிகளின் வரலாறு வெளியூர் அணிகளின் வரலாறு போன்றதல்ல என்பதையும் எழுதுகிறவர் மனதில் கொள்ள வேண்டும். யார் ஆடுவது என்பதைப் பல நேரம் பயிற்சியாளர் தீர்மானித்ததில்லை. எந்தப் படகு கரையில் இருக்கிறது என்பதே தீர்மானித்தது. அரையிறுதி ஆடியவன் இறுதிப் போட்டியன்று கரையிலிருந்து பல நாள் தூரத்தில் சுறாவுக்குத் தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான். கோப்பைகளை மட்டும் எண்ணினால் இது தெரியவராது. ஊருக்கு ஊர் அடித்துக்கொண்டதையும் எழுத வேண்டும் என்றே சொல்வேன். ஆட்டத்தில் தொடங்கிய ஒரு சண்டையால் இரண்டு ஊர்கள் பெண் கொடுத்து எடுக்காமல் இருந்த ஆண்டுகளை மறைத்துவிட்டால், பிறகு சமாதானம் பேசி முதல் நட்பு ஆட்டம் வைத்த பெரியவர்களின் அருமையும் மறைந்துபோகும்.

ஒக்கிப் புயலைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது. 2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும் நம் ஊர்களுக்கு என்ன செய்தன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. திரும்பாதவர்களில் நம் ஆட்டக்காரர்களும் இருந்தார்கள். அரசுப் பட்டியலில் அவர்கள் மீனவர்கள். எங்கள் அணியில் ஒருவன் இடக்காலால் மட்டுமே கார்னர் அடிப்பான். அவன் அடித்த பந்து வளைந்து வரும்போது தடுப்பாட்டக்காரனான நானே ஆடுவதை மறந்து பார்த்து நின்றிருக்கிறேன். அது எந்தப் பட்டியலிலும் இல்லை. அவன் மகனுக்கு இப்போது பந்து உதைக்கும் வயது. அந்தப் பையனிடம் காட்ட ஒரு பக்கமாவது எழுத்தில் இருக்க வேண்டாமா?

அவன் தந்தை ஆடிய இடத்தைக் காட்டவும் வழியில்லை. அந்த மணல்வெளியைக் கடல் கொண்டுபோய்விட்டது. இப்போது அங்கே அலைத் தடுப்புக் கற்கள். மைதானம் போன பிறகு மிஞ்சுவது காகிதம்தான்.

உலகின் மிகப் பழைய கால்பந்துக் கழகமான இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் 1857இல் தொடங்கியது. அதன் தொடக்ககாலக் கையெழுத்து விதிகளும் ஆவணங்களும் 2011இல் 8,81,250 பவுண்டுக்கு ஏலம் போயின. விலைக்காக இதைச் சொல்லவில்லை. 150 ஆண்டுகளுக்கு மேல் அந்தத் தாள்களை யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்தார்கள் என்பதற்காகச் சொல்கிறேன். நம் வரவுசெலவு நோட்டுகள் எங்கே? பாதி கரையான் தின்றது; மீதி யார் வீட்டுப் பரணிலோ இருக்கிறது.

ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் இருக்கும், ஆட்களும் ஊரில் இருப்பார்கள். அந்த நாட்களில் ஊருக்கு இரண்டு இளைஞர்களையாவது ஒரு நோட்டோடும் கைபேசியோடும் பெரியவர்களின் வீடுகளுக்கு அனுப்புங்கள். பேச்சைப் பதிவு செய்யட்டும். படங்களை நகலெடுத்துப் பெயர்களைக் கேட்டு எழுதட்டும். பாட்டிகளிடமும் கேட்கட்டும், ஜெர்சி துவைத்தவர்களும் காசு தந்தவர்களும் அவர்கள்தான். மற்ற ஊர்கள் எழுதும்வரை காத்திருக்க வேண்டாம்.

ஜூன் முதல் ஞாயிறு எங்கள் ஊர் வலைக்கூடத்தில் தொடங்குகிறோம். மறைந்த கோல்கீப்பரின் வீட்டில் கிடைத்த ஒரு படத்தைக் கொண்டுவருவேன். பதினோரு பேர், வெறுங்கால்கள், நடுவில் அந்த வார் போட்ட பந்து. பத்துப் பேரை அடையாளம் கண்டுவிட்டோம். பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாக, கையைக் கட்டிக்கொண்டு நிற்பவர் யார் என்று தெரியவில்லை. நம் எட்டு ஊர்களில் யாருக்காவது தெரிந்திருக்கும். எந்த ஊர் என்று உங்கள் குழுவுக்குத் தனியே சொல்லி அனுப்புகிறேன். வந்து பாருங்கள்.

அன்புடன்,
முன்னாள் தடுப்பாட்டக்காரன் ஒருவன்