அரையிறுதிக்கு முன் நம் உதைபந்தாட்ட அணிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய கோச் அவர்களுக்கும் தம்பிமாருக்கும்,

சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு கொழும்பு ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் எதிரே நிற்கப்போவது யார் என்று கொட்டாஞ்சேனையில் எவருக்கும் சொல்லத் தேவையில்லை. லீக் ஆட்டமென்றால் தோற்றாலும் அடுத்த கிழமை ஈடுசெய்யலாம். இது நொக் அவுட், தோற்றால் வெளியேதான். அதனால் எங்கள் கணிப்பை மறைக்காமல் எழுதுகிறோம். ஓட்டத்தில் எதிரணியினர் நம்மைவிட வேகம். அவர்களுடைய இடது விங் பந்தோடு திரும்பிவிட்டால் நம் வலது பின்களத்தால் துரத்திப் பிடிக்க முடியாது. தலையால் ஆடுவதிலும், கோணர், ப்ரீ கிக் எடுப்பதிலும் நாம் மேல். இரண்டையும் கூட்டிக் கழித்தால் ஆட்டம் சமநிலையில் முடியவே வாய்ப்பு அதிகம். ஆகவே வெற்றியைத் தீர்மானிக்கப் பெனால்டி உதைகள் வரும் என்று வைத்துக்கொண்டே இந்தக் கிழமைப் பயிற்சியை நடத்துங்கள். இதுதான் எங்கள் முதல் வேண்டுகோள்.

பெனால்டியை அதிர்ஷ்டம் என்று சொல்லித் தட்டிவிடுவது நம்மூரில் பழக்கமாகிவிட்டது. 2021 நவம்பரில் இதே ரேஸ்கோர்ஸில் நாலு நாடுகள் தொடரின் இறுதியாட்டம் சீஷெல்ஸுடன் 3-3 என முடிந்து, இலங்கை பெனால்டியில்தான் கிண்ணத்தை இழந்தது. 2024 செப்டம்பரில் ஆசியக் கிண்ணத் தகுதிகாண் பிளே ஓஃப்பில் கம்போடியாவுடன் கொழும்பில் 0-0, புனோம் பென்னில் 2-2 என்று வந்து, அதே பெனால்டியில்தான் கரையேறியது. இரண்டு இரவுகளிலும் முழு ஆட்ட நேரம் அல்ல, பெனால்டி உதைத்த கடைசிப் பத்து நிமிடம்தான் கணக்கில் நின்றது. அந்தப் பத்து நிமிடத்துக்குத் தயாராகாமல் போவது அநியாயம்.

முதலில் போட்டி விதிமுறையை வாசியுங்கள். 90 நிமிடம் முடிந்ததும் மேலதிக நேரமா, நேரே பெனால்டியா? கொழும்பில் ஆறு மணிக்கு முன்பின்னாக இருட்டிவிடும்; மின்விளக்கு இல்லாத ஏற்பாட்டில் மேலதிக நேரத்தை விட்டுவிடுவார்கள். நேரே பெனால்டி என்றால் 80ஆவது நிமிடத்துக்குப் பிறகு செய்யும் ஒவ்வொரு மாற்றமும் பெனால்டிக்கான மாற்றம்தான். ஆட்டம் முடியும்போது களத்தில் நிற்பவர்கள் மட்டுமே உதைக்கலாம். வெளியே எடுத்த ஆளைத் திரும்ப அழைக்க வழியில்லை. காயப்பட்ட கோல் காப்பாளருக்கு மட்டும், மாற்று மீதமிருந்தால், விலக்கு உண்டு. களைத்துவிட்டார் என்று நம் சிறந்த உதைப்பாளரை 85ஆவது நிமிடத்தில் எடுத்துவிட்டு, பிறகு தலையில் கை வைப்பதில் பலனில்லை.

ஐந்து பெயரை அல்ல, பதினொரு பெயரையும் வரிசையாக வெள்ளிக்கிழமையே எழுதுங்கள். வரிசையை மத்தியஸ்தரிடம் முன்கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. களநிலை பார்த்து மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வெறுங்கையோடு வட்டமாக நின்று "யார் அடிக்கிறது?" என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்வி வந்த கணமே பாதிப்பேர் நிலத்தைப் பார்ப்பார்கள். முதல் நாணயச் சுண்டலில் எந்தக் கோல் என்பது தீர்மானமாகும். இரண்டாவதில் வெல்பவர் முதலில் உதைப்பதா, பிறகா என்று தெரிவுசெய்வார். கிடைத்தால் முதலில் உதையுங்கள். பின்னால் உதைப்பவருக்கு, தவறவிட்டால் ஆட்டமே போச்சு என்ற நிலை வரும் வாய்ப்புக் கூட.

பயிற்சியின் தொடக்கத்தில், கால் புத்துணர்ச்சியாக இருக்கும்போது, பத்துப் பந்து அடித்துப் பார்ப்பது பெனால்டிப் பயிற்சி ஆகாது. ஓட்டமெல்லாம் முடிந்த பிறகு, நடுக்கோட்டிலிருந்து தனியே நடந்து வந்து ஒரே ஒரு பந்து அடிக்க வேண்டும். 105 மீற்றர் மைதானத்தில் நடுக்கோட்டுக்கும் பெனால்டிப் புள்ளிக்கும் இடையே 41 மீற்றருக்கு மேல். மனம் மாறுவது அந்த நடையில்தான். மூலையை நடுவட்டத்திலேயே தெரிவுசெய்துவிட்டு, இடையில் மாற்றாமல் வந்து அடிக்கப் பழகட்டும். மத்தியஸ்தர் விசில் ஊதியதும் பாயத் தேவையில்லை; ஒரு மூச்சு எடுக்கலாம்.

நிலைக்காலை, அதாவது உதைக்கும்போது நிலத்தில் ஊன்றும் காலை, பற்றிக் கட்டாயம் பேச வேண்டும். 2025 மார்ச்சில் மட்ரிட் அணிகள் இரண்டும் சம்பியன்ஸ் லீக் நொக் அவுட்டில் மோதியபோது, அத்லெட்டிக்கோவின் ஜூலியன் அல்வாரெஸ் வழுக்கி, இடது காலும் பந்தில் பட்டது. கோல் செல்லாது என்றார்கள். அவர்களின் பரம வைரிகளே அன்று வென்றார்கள். அதன் பிறகு விதி தெளிவாக்கப்பட்டது: தவறுதலாக இரண்டு முறை பட்டு பந்து கோலுக்குள் போனால் திரும்ப உதைக்கலாம், போகாவிட்டால் தவறியதாகவே கணக்கு. மழையில் பல பேர் உதைத்த பிறகு புள்ளியைச் சுற்றி நிலம் சேறாகிவிடும். நிலைக்காலை ஊன்றும் இடத்தை முதலில் மிதித்துப் பாருங்கள், பூட்ஸின் ஸ்டட்டில் ஒட்டிய மண்ணைத் தட்டுங்கள், ஓட்டத்தைக் குறுக்குங்கள்.

கோல் காப்பாளர் தம்பிக்கு: பந்து உதைபடும் கணத்தில் ஒரு காலின் ஒரு பகுதியாவது கோட்டில், அதன் நேரே, அல்லது பின்னால் இருக்க வேண்டும். முந்தி வந்து தடுத்தால் திரும்ப உதைப்பார்கள். முதல் தடவை எச்சரிக்கை, அடுத்தது மஞ்சள் அட்டை. ஆட்டத்தின் நடுவிலும் ஒரு புது விதி இருக்கிறது. 2025 ஜூலை முதல், பந்தைக் கையில் எட்டு விநாடிக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கோணர். மத்தியஸ்தர் கடைசி ஐந்து விநாடியைக் கை உயர்த்திக் காட்டுவார். 1-0 முன்னிலையில் பந்தை அணைத்தபடி படுத்திருக்கும் பழைய பழக்கத்தை இன்றைக்கே விடுங்கள்.

இனி 90 நிமிடம். அவர்களுடைய நீண்ட த்ரோ இன் நமக்குத் தொல்லை தரும்; அதில் ஓஃப்சைட்டும் இல்லை. எறிபவருக்கு இரண்டு மீற்றர் முன்னால் உயரமான ஒருவரை நிறுத்துங்கள். சட்டப்படி அவ்வளவு கிட்ட நிற்கலாம். எறியின் கோணம் உயர்ந்து பந்து மெதுவாகும். முதல் தலையடியை மட்டும் பார்க்காமல், பெனால்டிப் பெட்டியின் 16.5 மீற்றர் கோட்டில் விழும் இரண்டாவது பந்துக்கு இருவரை ஒதுக்குங்கள். போன தடவை அவர்கள் அடித்த கோல் அங்கிருந்துதான் வந்தது. வலது பின்களத்துக்கு உதவியாக மத்தியகள வீரர் ஒருவர் பத்து மீற்றருக்குள் இருக்க வேண்டும். அந்த விங்கருக்கு உள்பக்கத்தை அடைத்து, கோட்டோரமாகவே தள்ளுங்கள்.

ஐப்பசி மாலையில் இடி மழை வந்தால் தேங்கிய நீரில் தரைப் பந்து நின்றுவிடும். கோல் காப்பாளருக்குத் தரையில் பின்பாஸ் அடிக்கவே வேண்டாம். இரும்பு ஸ்டட் வைத்த இரண்டாவது சோடி பூட்ஸை எல்லோரும் பையில் கொண்டுவாருங்கள். புதிதாக வாங்கியதை அன்று முதன்முதலாகப் போடாதீர்கள், கொப்புளம் வரும்.

ரசிகர்களின் பபரே வாத்தியம் தொடங்கினால் கப்டனின் குரல் ஐந்து மீற்றரைத் தாண்டாது. கோணருக்குக் கைச்சைகை வேண்டும்: ஒரு கை உயர்ந்தால் கிட்டக் கம்பம், இரண்டு கை என்றால் தூரக் கம்பம், கை இடுப்பில் என்றால் குறுகிய பாஸ். மூன்று போதும். மத்தியஸ்தரிடம் கப்டன் மட்டும் பேசட்டும். கோல் அடித்துச் சட்டையைக் கழற்றினால் மஞ்சள் அட்டை நிச்சயம்; அது இரண்டாவதானால் வெளியேற வேண்டும். இந்த ஆட்டத்தில் பத்துப் பேராகிவிட்டால் அந்த இடது விங்கை அடைக்க ஆளிருக்காது.

முதல் நாள் இரவு கொத்து ரொட்டி வேண்டாம். ஆட்ட நாளில் பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குள் சோறு சாப்பிட்டுவிடுங்கள்.

ஒரு லீற்றருக்கு ஒரு பைக்கற் கணக்கில் கரைத்த ஜீவனி (உப்புச் சர்க்கரைக் கரைசல்), ஐஸ் பெட்டி, பந்து துடைக்க உலர்ந்த துவாய் ஆகியவை எங்கள் பொறுப்பு. இரண்டு மணிக்கே உங்கள் உடைமாற்றும் அறை வாசலில் இருக்கும். பதினொரு பெயர் எழுதிய தாளை மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள், கோச்.

அன்புடன்,
அணியின் ரசிகர்கள்,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13