2024–25 ஆண்டறிக்கை: நம் பழைய கார்களின் சக்கரங்களுக்கேற்ற டயர் அளவு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, பொதுக்குழுவுக்கு வருகை தந்திருக்கும் உறுப்பினர்ப் பெருமக்களே, அனைவருக்கும் வணக்கம்.

2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கையைத் தங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதாலும், மாதக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகள் அவ்வப்போது உறுப்பினர்களுக்கு அனுப்பப்பட்டுவிட்டதாலும் அவற்றை இங்கே திரும்பக் கூறவில்லை. இவ்வாண்டு சங்கம் முனைந்து செய்த பணி ஒன்றுதான். நம்மிடம் உள்ள கார்களின் சக்கரங்களுக்கு எந்த அளவு டயர் பொருந்தும் என்பதை ஒவ்வொரு வண்டியாகப் பார்த்துத் தீர்மானிப்பதே அது. ஆகவே அறிக்கை முழுவதும் அதைப் பற்றியதாகவே அமைந்துள்ளது.

இந்தப் பணிக்குக் காரணமாக அமைந்தது கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை நாம் சேர்ந்து சென்ற பயணமாகும். ஒரே வேகத்தில் வரிசையாகச் சென்ற இரண்டு பிரிமியர் பத்மினிகளில், ஒன்றின் ஸ்பீடாமீட்டர் 60 காட்டியபோது மற்றொன்றின் முள் 55ஐ ஒட்டியே நின்றது. கேபிளிலோ மீட்டரிலோ கோளாறு இருக்கும் என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தோம். இறங்கிப் பார்த்தபோது மீட்டரில் எந்தக் குறையும் இல்லை; 60 காட்டிய வண்டியின் சக்கரத்தில் 155/65 ஆர்14 அளவு ரேடியல் டயர் (உள் இழைகள் சுற்றுக்குக் குறுக்கே நேராக ஓடும் இன்றைய வகை) மாட்டப்பட்டிருந்தது. ரிம் 14 அங்குலம், டயரும் 14 அங்குலம், எனவே பொருந்தும் என்று கடையில் சொன்னதை நம்பி அந்த உறுப்பினர் வாங்கியிருந்தார். நம்மில் பலரும் இப்படித்தான் வாங்கிக்கொண்டிருக்கிறோம் என்பது அடுத்த கூட்டத்திலேயே தெரிந்துவிட்டது.

ரிம்மின் விட்டம் பொருந்துவது டயர் மாட்டுவதற்கு மட்டுமே போதுமானது. வண்டி ஓடுவதற்கு டயரின் மொத்த விட்டமே முக்கியம். பத்மினிக்கும் அதற்கு முந்தைய ஃபியட் 1100க்கும் தொழிற்சாலையில் மாட்டி வந்தது 5.20-14 அளவு நைலான் டயர், அதாவது உள் இழைகள் சாய்வாக ஒன்றையொன்று குறுக்கிடும் பழைய வகை. இதில் 5.20 என்பது டயரின் அகலம், 14 என்பது ரிம்மின் விட்டம், இரண்டும் அங்குலத்தில் தரப்பட்டுள்ளன. டயரின் உயரம், அதாவது ரிம்முக்கு மேல் எழும் பக்கச்சுவரின் உயரம், இந்த எழுத்தில் எங்கும் இல்லை. அக்காலத்து நைலான் டயர்களின் உயரம் ஏறத்தாழ அகலத்துக்குச் சமமாகவே இருந்ததால் அதைத் தனியே அச்சிடும் தேவை எழவில்லை. இன்றைய 155/65 ஆர்14இல் அகலம் 155 மில்லிமீட்டர், உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், அதாவது 101 மில்லிமீட்டருக்குக் குறைவு. மேலும் கீழுமாக இரண்டு உயரத்தையும் ரிம்மின் 355.6 மில்லிமீட்டரையும் கூட்டினால் 557 வருகிறது. 5.20-14 டயரின் மொத்த விட்டமோ ஏறத்தாழ 612 மில்லிமீட்டர். ஒன்பது சதவீதம் சிறிய சக்கரம் அதே தூரத்துக்குக் கூடுதலாகச் சுற்றுகிறது. மீட்டர் 60 காட்டும்போது வண்டி 55க்கும் குறைவாகவே செல்கிறது, எஞ்சினும் தேவையில்லாமல் அதிகச் சுற்றில் ஓடுகிறது, வண்டியின் அடிப்பகுதியும் தரையிலிருந்து 27 மில்லிமீட்டர் இறங்கிவிடுகிறது. நம் ஊர் வேகத்தடைகளில் அந்த 27 மில்லிமீட்டரின் அருமை சைலன்ஸர் தட்டியவர்களுக்கு நன்கு தெரியும்.

அதே பத்மினிக்கு 155/80 ஆர்14 மாட்டினால் மொத்த விட்டம் 604 வரும். வேறுபாடு ஒன்றரை சதவீதத்துக்குள் அடங்கிவிடும். பொதுவாக மூன்று சதவீதம் வரையிலான வேறுபாட்டை ஏற்றுக்கொள்ளலாம் என்பது இத்துறையில் நெடுநாளாக உள்ள கணக்கு. எனவே ரேடியலுக்கு மாற விரும்பும் பத்மினி, ஃபியட் உரிமையாளர்களுக்கு 155/80 ஆர்14 அளவையே சங்கம் பரிந்துரைக்கிறது. இந்த அளவு கிடைக்காதபோது 165/80 ஆர்14 குறித்தும் சிலர் கேட்டனர். அதன் விட்டம் 620 என்பதால் விட்டக் கணக்கில் தடை இல்லை. ஆயினும் ரிம்மின் அகலத்தையும், பின்பக்க மட்கார்டின் உள்விளிம்புக்கு உள்ள இடைவெளியையும் வண்டியில் ஆள் ஏற்றிய நிலையில் அளந்து பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

இவ்வாண்டு நம்மை மிகவும் சிந்திக்க வைத்த வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பகுதியில் தயாரான இந்த வண்டி நம் ஊரின் சொந்த வண்டி என்பதால், அதற்குச் சரியான விடை காண்பதை நம் சங்கத்தின் தனிக் கடமையாகவே நான் கருதினேன். அதன் மூல அளவு 5.20-13, மொத்த விட்டம் ஏறத்தாழ 582 மில்லிமீட்டர். ரேடியலில் இதற்கு நெருங்கி வருவது 155/80 ஆர்13, அதன் விட்டம் 578. கணக்கை மட்டும் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லை. ஆனால் ஹெரால்டின் ரிம் மூன்றரை அங்குல அகலமே கொண்டது. 155 அகல டயருக்கு நான்கு அங்குலமாவது வேண்டும், நாலரை இருந்தால் நல்லது. குறுகிய ரிம்மில் அகலமான டயரை ஏற்றினால் பக்கச்சுவர் வெளியே உப்பி நிற்கும், ட்ரெட்டின் நடுப்பகுதி மட்டும் சாலையைத் தொடும், திருப்பங்களில் வண்டி டயரின் மேல் தள்ளாடும்.

இதை நேரில் பார்க்கும் வாய்ப்பும் கிடைத்தது. ஓர் உறுப்பினரின் ஹெரால்டைப் பட்டறைத் தரையில் நிறுத்தி, முன்பக்கமாகக் கவிழ்ந்து திறக்கும் பானட்டைத் தூக்கினோம். மட்கார்டுகளும் பானட்டோடு சேர்ந்தே எழுந்துவிடுவதால் இந்த வண்டியில் முன்சக்கரம் இரண்டும் முழுமையாகக் கண்ணுக்குத் தெரியும். ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் கடைசி வரை ஒடித்தபோது, 155 டயரின் உள்பக்கத் தோள் சேஸிஸை உரசியபடி நின்றது. ரப்பரில் ஒரு விரற்கடை அகலத்துக்கு வளையம்போல் வழவழப்பாகத் தேய்ந்திருந்தது. சேஸிஸில் அதே உயரத்தில் பெயிண்ட் போய், கறுப்புத் தூள் படிந்திருந்தது. 25 அடி வட்டத்துக்குள் திரும்பும் வண்டி என்று புகழ்பெற்றது ஹெரால்டு. மற்ற கார்களின் முன்சக்கரங்கள் போகாத கோணம் வரை அதன் சக்கரங்கள் திரும்புகின்றன. அந்தக் கோணம் குறுகிய டயரைக் கருதி அமைக்கப்பட்டது. அங்கே அகலமான டயரை மாட்டிவிட்டு, உரசாமலிருக்க, சக்கரம் திரும்பும் எல்லையைத் தடுத்து நிறுத்தும் ஸ்டீயரிங் ஸ்டாப்பை மாற்றி வைப்பது அந்த வண்டியின் தனிச்சிறப்பையே பறிப்பதாகும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே மூன்றரை அங்குல ரிம்மை மாற்றாத ஹெரால்டுகளுக்கு 145/80 ஆர்13 அளவையே செயற்குழு ஏற்றுக்கொண்டது. அதன் விட்டம் 562. மூல டயரை விட ஏறத்தாழ மூன்றரை சதவீதம் குறைவு. மூன்று சதவீத எல்லையைச் சற்று மீறுகிறது என்று சில உறுப்பினர்கள் சுட்டிக்காட்டியதை மறுக்கவில்லை. மீட்டர் 60 காட்டும்போது உண்மை வேகம் 58 ஆக இருக்கும். அது பாதுகாப்பான பக்கம் விழும் பிழை. உப்பிய பக்கச்சுவரும் உரசும் தோளும் அப்படிப்பட்டவை அல்ல. மேலும் இந்த அளவு டயர் இன்றைய சிறிய கார்கள் சிலவற்றுக்கும் வருவதால் கடைகளில் எளிதாகக் கிடைக்கிறது. அதன் சுமைக் குறியீடு 75, அதாவது ஒரு டயருக்கு 387 கிலோ. 800 கிலோ அளவுள்ள ஹெரால்டுக்கு நால்வரையும் பெட்டிகளையும் ஏற்றினாலும் இது தாராளமாகப் போதும்.

இதனோடு சேர்ந்த மற்றொரு செய்தியைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சக்கரத்தை நட்டு போட்டு இறுக்கும் திருகுத் தண்டுகளான ஹெரால்டின் நான்கு ஸ்டட்களும் மூன்றே முக்கால் அங்குல வட்டத்தில், அதாவது 95.25 மில்லிமீட்டரில் அமைந்தவை. கடைகளில் கிடைக்கும் நான்கு துளை அலாய் வீல்கள் பெரும்பாலும் 100 மில்லிமீட்டர் வட்டத்துக்கானவை. துளையைக் கொஞ்சம் ராவி மாட்டிவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி மாட்டினால் நட்டின் கூம்பு முகம் துளையில் முழுமையாகப் படியாது. ஸ்டட் வளைந்த நிலையிலேயே இறுகும். ஓட்டத்தில் நட்டு தளரும் அல்லது ஸ்டட் முறியும். இத்தகைய சக்கரத்தோடு வரும் வண்டியைச் சங்கத்தின் பயணங்களில் சேர்ப்பதில்லை என்று செயற்குழு முடிவெடுத்துள்ளது. இது எவரையும் புண்படுத்துவதற்காக எடுத்த முடிவல்ல என்பதை உறுப்பினர்கள் புரிந்துகொள்ள வேண்டும்.

அம்பாசடரின் மூல அளவான 5.90-15க்கு மொத்த விட்டம் ஏறத்தாழ 665 மில்லிமீட்டர். 175/80 ஆர்15 என்றால் 661 வரும். 185/65 ஆர்15 மாட்டினால் 622க்கு இறங்கிவிடும் என்பதைக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு, அதை வாங்க இருந்த உறுப்பினர்கள் தாமாகவே கைவிட்டனர். மாரிஸ் மைனருக்குத் தொடக்கத்தில் 5.00-14 அளவும் பிற்காலத்தில் 5.20-14 அளவும் வந்ததால், வண்டி எந்த ஆண்டைச் சேர்ந்தது என்பதோடு ரிம் அதே ஆண்டைச் சேர்ந்ததுதானா என்பதையும் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். அறுபது எழுபது ஆண்டுகளில் கைமாறிய வண்டிகளில் ரிம்மும் மாறியிருப்பது அபூர்வமல்ல. 1920களின் வண்டிகளை வைத்திருக்கும் ஓரிருவருக்கு இந்தக் கணக்குகள் பொருந்தா. அவற்றில் உள்ள, விளிம்பு ரிம்மின் மடிப்புக்குள் செருகப்படும் பீடட் எட்ஜ் வகை டயரை ரிம்மில் பிடித்து வைப்பதே காற்றின் அழுத்தம் என்பதால், அவர்களுக்கு அளவைவிடக் காற்றைக் குறையவிடாமல் பார்ப்பதே முதற்பணி.

நைலானையும் ரேடியலையும் கலந்து மாட்டுவது பற்றிப் பல கேள்விகள் வந்தன. ஒரே அச்சில் இரண்டையும் ஒருபோதும் கலக்கக் கூடாது. முன்னே ரேடியலும் பின்னே நைலானும் மாட்டுவது மிகவும் ஆபத்தானது. திருப்பத்தில் முன்பக்கம் சாலையைப் பற்றிக்கொள்ள, பின்பக்கம் வழுக்கி வெளியே போய்விடும். தனித்தனியே மடங்கும் பின் அச்சுடைய பழைய ஹெரால்டுகளில் இது இன்னும் மோசம். வேகமான திருப்பத்தில் உடல் மேலெழும்போது பின்சக்கரம் உள்ளே மடிந்துவிடும் இயல்பு அந்த அச்சுக்கு ஏற்கெனவே உண்டு. 1970களில் ஹெரால்டுக்குப் பின் அதே நிறுவனத்திலிருந்து வந்த கெஸல் காரில் அந்த அச்சை நீக்கி முழு அச்சு வைத்தார்கள் என்பது நினைவுகூரத்தக்கது. முன்சக்கர டயர் தேய்ந்துவிட்டது, இரண்டு மட்டும் வாங்குகிறேன் என்று வருபவர்களிடம் நான்கும் ஸ்டெப்னியும் சேர்த்தே வாங்கச் சொல்லும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஸ்டெப்னியில் பழைய நைலான் கிடந்தால், பஞ்சரான இரவில் நம்மை அறியாமலே கலந்து ஓட்டுபவர்கள் ஆகிவிடுவோம்.

ரேடியலுக்கு மாறியபின் காற்றழுத்தத்தையும் மாற்ற வேண்டும். வண்டிக் கையேட்டில் உள்ள அளவு நைலானுக்கு எழுதப்பட்டது. ரேடியலுக்குச் சில பவுண்டுகள் கூடுதலாகத் தேவை. ஹெரால்டில் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தில் அதிகமாக வைக்கும் முறையை மட்டும் எக்காரணம் கொண்டும் மாற்றக் கூடாது. நான்கு சக்கரத்துக்கும் ஒரே அளவாக அடித்துவிடும் கடைக்காரரிடம் பக்கத்தில் நின்று சொல்லி அடிக்க வேண்டும். பழைய ரிம்களில் ட்யூப்லெஸ் டயரின் விளிம்பைத் தடுத்து நிறுத்தும் மேடு கிடையாது. ரிவெட் இணைப்புகள் வழியே காற்றும் கசியும். ஆகவே இவற்றில் ட்யூப் அவசியம். அந்த ட்யூபும் ரேடியலுக்கு உரியதாக, சரியான அளவில் இருக்க வேண்டும். டயரின் உட்புறம் ஒட்டியிருக்கும் காகித வில்லையை உரித்தெடுத்து, ரிம்மின் துருவைத் தேய்த்து வண்ணம் பூசிய பிறகே ட்யூபை வைக்கச் சொல்லுங்கள். அந்தக் காகிதமும் துருச் செதில்களும் மெல்ல மெல்ல உராய்ந்து ட்யூபை அறுத்துவிடும்.

நம் கார்கள் மாதத்தில் சில நாட்களே ஓடுகின்றன. எனவே டயர் தேய்வதற்கு முன்பே வயதாகிவிடுகிறது. 1.6 மில்லிமீட்டர் என்ற சட்ட எல்லைக்கு ட்ரெட் வராமல் ஆழமாகவே இருந்தாலும் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகள் விழுந்திருக்கும். டயரின் பக்கத்தில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் கடைசி நான்கு எண்களில் தயாரான வாரமும் ஆண்டும் உள்ளன. 3519 என்றால் 2019ஆம் ஆண்டின் 35ஆம் வாரம். மூன்றே எண்கள் இருந்தால் அது 2000க்கு முந்தைய டயர். கண்காட்சிக்கு நிறுத்தலாமே தவிர சாலையில் ஓட்டக் கூடாது. குறைவாக விற்கும் அளவுகளில் புதிதென்று தரப்படுவதும் கிடங்கில் பல ஆண்டு கிடந்ததாக இருக்கக்கூடும் என்பதால், பணம் கொடுக்கும் முன் இந்த எண்ணைப் படித்துவிட வேண்டும்.

திருவொற்றியூரில் 1946இல் பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். டயர்த் தொழிலில் தலையெடுத்த இந்த ஊரில், பழைய அளவு டயருக்கு நாம் கடை கடையாக அலைய வேண்டியிருப்பது எனக்கு வருத்தமளிக்கிறது. தனித்தனியே கேட்பதைவிடச் சங்கமாகச் சேர்ந்து கேட்டால் விற்பனையாளர்கள் வரவழைத்துத் தர முன்வருகிறார்கள். ஆகவே வரும் ஆண்டில் இரண்டு பணிகளுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். ஒவ்வோர் உறுப்பினரின் வண்டிக்கும் ரிம்மின் அகலம், விட்டம், துளை வட்டம், மூல டயர் அளவு, இப்போதுள்ள அளவு, தயாரிப்பு எண் ஆகியவற்றைக் கொண்ட பதிவேடு ஒன்றைத் தொடங்குவது முதலாவது. டயரில் சாக்பீஸ் கோடிட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டித் தரையில் அளக்கும் முறையில் உண்மைச் சுற்றளவையும் அதில் குறிக்கலாம். அந்தப் பதிவேட்டின் அடிப்படையில் 145/80 ஆர்13, 155/80 ஆர்14, 175/80 ஆர்15 ஆகிய அளவுகளுக்குக் கூட்டாக ஆர்டர் தருவது இரண்டாவது.

அளவெடுக்கும் நாட்களில் தம் பட்டறையின் இடத்தையும் ஜாக்கிகளையும் கட்டணமின்றித் தந்து உதவிய உறுப்பினருக்கும், விடுமுறை நாளிலும் வந்து சக்கரங்களைக் கழற்றி மாட்டிய மெக்கானிக் நண்பர்களுக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி தெரிவித்துக்கொள்கிறேன். பதிவேட்டுக்கான படிவங்கள் நுழைவாயில் மேசையில் வைக்கப்பட்டுள்ளன. வண்டியோடு வந்திருப்பவர்கள் இன்று மாலைக்குள்ளேயே அளவெடுத்துக் கொடுத்துவிட்டால் முதல் ஆர்டரிலேயே சேர்த்துக்கொள்ள இயலும். இவ்வறிக்கையைப் பொதுக்குழு ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
செயலாளர்