ரட்லண்டிலிருந்து மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நலம். இங்கிலாந்தின் சின்னக் கவுன்சில்களைப் பெரியவற்றோடு சேர்க்க அரசு நினைப்பதைப் பற்றிப் பேசும்போது அன்றைக்கு ஃபோனில், "நம்ம ரட்லண்ட் கவுன்சிலைப் பக்கத்துக் கவுன்சிலோட சேர்த்துட்டாத்தான் என்னப்பா, குப்பை வண்டி வராமலா போயிடும்?" என்று கேட்டாய். ஃபோனில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது.

குப்பை வண்டி வரும். 1974-இல் தனிக் கவுண்டி (நம் ஜில்லா மாதிரி) என்ற அந்தஸ்து போய், பக்கத்துக் கவுண்டியான லெஸ்டர்ஷயருக்குள் அதன் கீழ் ஒரு சிறு மாவட்டமாக நம் ஊரை அடக்கியபோதும் வந்தது. ஆனால் பள்ளிக்கூடம், சாலை, முதியோர் பராமரிப்பு எல்லாம் லெஸ்டர் ஓரத்துக் கிளென்ஃபீல்டுக்குப் போய்விட்டன. கிராமத்துப் பள்ளி ஒன்றின் தலையெழுத்தை முப்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவர்கள் எழுதினார்கள். ஜனங்கள் விடவில்லை. எம்பிங்ஹாம் நீர்த்தேக்கத்துக்கு 1976-இல் ரட்லண்ட் வாட்டர் என்று பெயர் வைத்தார்கள். கவுண்டி போனாலும் பெயர் தண்ணீரில் நின்றது. 1997 ஏப்ரல் 1-இல் அதிகாரமும் திரும்பி வந்தது.

ரட்லண்டின் ஓக்கம் நகரத்துக் கோட்டை மண்டபம் உனக்கு நினைவிருக்கும். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்டியது. சுவர் நிறைய லாடங்கள், இருநூறுக்கும் மேல், சில ஆள் உயரத்தில் பாதி இருக்கும். இந்த ஊருக்கு முதல்முறை வருகிற பிரபுவோ ராஜாவோ ஒரு லாடம் கொடுத்தாக வேண்டும். வாய்ப்பக்கம் கீழே பார்க்கத்தான் மாட்டுவார்கள். நிமிர்த்தி வைத்தால் குழிவில் சாத்தான் உட்கார்ந்துவிடுவானாம். நான்காம் எட்வர்டே 1470-இல் கொடுத்ததாகச் சொல்கிறார்கள். ராஜாவிடமும் தன் மாமூலை வாங்கிய ஊர் இது. எனக்கு அந்த மண்டபத்துக்குள் போகும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும்.

இன்று சுமார் 41,000 பேருக்கு 27 கவுன்சிலர்கள். ஒருவருக்கு ஏறக்குறைய 1,500 பேர். நம் வார்டுக்காரரைச் சந்தையில் நிறுத்தி, பஸ் ஏன் நின்றது என்று கேட்க முடிகிறது. அவரும் முகம் பார்த்துப் பதில் சொல்லியாக வேண்டும். 2024 டிசம்பர் அரசு அறிக்கையோ புதிய கவுன்சில்களுக்கு 5 லட்சம் பேரை அளவாக வைத்தது. நம் ஊர் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

மறுபக்கமும் உண்டு, மறைக்க மாட்டேன். இங்கிலாந்திலேயே கவுன்சில் வரி அதிகமான இடங்களில் நம் ஊரும் ஒன்று. வயதானவர்கள் அதிகம், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் செலவும் அதிகம். சின்ன கவுன்சிலுக்கு அது பெரிய பாரம்தான். பணம் மிச்சமாகும் என்று சேர்க்கச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. ஆனாலும் மிச்சமாகும் பணத்துக்கு ஈடாக எதைக் கொடுக்கிறோம் என்பதையும் கணக்கில் எழுதச் சொல்கிறேன். நம் பஞ்சாயத்து மாதிரியான கிராமத்துப் பாரிஷ் கவுன்சில்கள் 1894-இலிருந்து இருக்கின்றன, இனியும் இருக்கும். ஆனால் அவற்றால் பெஞ்சு போடலாம், இடுகாட்டைப் பராமரிக்கலாம், பள்ளிக்கூடம் நடத்த முடியாது.

நீ இப்போது இருக்கும் நகரத்தில் உன் வார்டு கவுன்சிலர் யார் என்று பார்த்து வை. அடுத்த முறை பேசும்போது கேட்பேன்.

அன்புடன்,
அப்பா